ஷூ பெட்டிக்குள் பத்துப் புத்தகங்கள்

"அக்கா, பெரியவள் ஆறாவது போகிறாள். பேட்டிலுக்கு என்னென்ன புத்தகம் வாங்கி வைக்கட்டும்?"

ஜூன் மாதம் பள்ளி மூடினால் போதும், வாட்ஸ்அப்பில் இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகத் தட்டி அனுப்பிக்கொண்டிருந்ததை இந்த முறை முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

போர்ட்லண்டுக்கு மேற்கே பீவர்ட்டன், ஹில்ஸ்பரோ பக்கம் இருக்கிற தமிழ் வீடுகளில் 'பேட்டில்' என்றாலே போதும், புரிந்துவிடும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 'பேட்டில் ஆஃப் த புக்ஸ்' என்பது அமெரிக்காவில் பல மாநிலங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடக்கிற வாசிப்புப் போட்டி. எங்கள் ஆரிகன் மாநிலத்தில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை ஒரு பிரிவு. அந்த ஆண்டுக்கென்று 16 புத்தகங்கள். நான்கு பேர் ஓர் அணி. "எந்தப் புத்தகத்தில் ஒருவர் இன்னது செய்கிறார்?" என்று கேட்பார்கள். நால்வரும் தலையைக் கிட்டக் கொண்டுபோய்க் குசுகுசுவென்று பேசி 15 நொடிக்குள் பதில் சொல்ல வேண்டும். தலைப்புக்கு 5 புள்ளி, எழுதியவர் பெயருக்கு 3. கதைக்குள்ளிருந்து கேட்கிற கேள்விகள் தனி. பள்ளியில் ஜெயித்தால் வட்டாரம், அதிலும் ஜெயித்தால் மாநிலம்.

பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் இங்கே நான் எழுதுவது எந்த ஓர் ஆண்டின் பட்டியலும் இல்லை. பட்டியல் கைக்கு வருவதற்கு முன்னாலும், வந்தபின் நடுநடுவிலும், எங்கள் சாப்பாட்டு மேசையில் மூன்று வருடமாகப் பிள்ளைகளோடு சேர்ந்து நான் படித்த பத்துப் புத்தகங்கள். இவற்றைப் படித்துப் பழகிய பிள்ளை எந்தப் பட்டியலையும் தைரியமாக எடுக்கும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

முதல் வருடம் நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பரீட்சைக்குப் படித்துப் பழகிய கை ஆயிற்றே. ஒவ்வொரு புத்தகத்துக்கும் கதைச்சுருக்கம் தேடி எடுத்து, கதாபாத்திரம், ஊர், ஆண்டு எல்லாவற்றையும் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு மகளிடம் கொடுத்தேன். மொத்தம் 240 அட்டை. காரில் போகும்போது, சாப்பிடும்போது, தலை வாரும்போது எல்லாம் அட்டைதான். அவளும் முணுமுணுக்காமல் ஒப்பித்தாள்.

ஒரு சனிக்கிழமை நான்கு பிள்ளைகளையும் வீட்டுக்கு வரவழைத்துப் பயிற்சி வைத்தேன். "எந்தப் புத்தகத்தில் ஒரு சிறுமியின் காலில் முள் குத்துகிறது?" மகள் முழித்தாள். அந்தப் புத்தகத்துக்கு அவள் கையில் 15 அட்டை இருந்தது. தெற்கு சூடான் தெரியும், 1985 தெரியும், 2008 தெரியும். முள் தெரியாது. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், அணியிலேயே மெதுவாகப் படிக்கிறவன், கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "அவள் உட்கார்ந்து இன்னொரு முள்ளால் அதை எடுப்பாள். தண்ணீர் எடுக்கப் போகிற வழியில்." லிண்டா சூ பார்க் எழுதிய 'எ லாங் வாக் டு வாட்டர்'. அவன் ஓர் அட்டைகூட எழுதியதில்லை. அந்தப் புத்தகத்தை இரண்டு முறை படித்திருந்தான், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி அட்டைகளையெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். மகள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தாள்.

அந்தப் புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன். சின்னப் புத்தகம், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். நியா என்கிற சிறுமி தினமும் இரண்டு நடை குளத்துக்கு நடந்து தண்ணீர் சுமக்கிறாள். சால்வா என்கிற 11 வயதுப் பையன் உள்நாட்டுப் போரில் வகுப்பறையிலிருந்து எழுந்து ஓடுகிறான். அவள் கதை 2008, அவன் கதை 1985. நியாவின் பகுதிகள் ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் சில வரிகளில் முடிந்துவிடும். பிள்ளைகள் அதைத் தாண்டிக்கொண்டு சால்வாவிடம் ஓடுவார்கள். ஓடவிடாதீர்கள். கேள்வியும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது, கதையின் உயிரும் அங்கேதான். சால்வா டுட் உண்மையான மனிதர், பின்னாளில் தன் நாட்டில் கிணறு தோண்டும் வேலையைத் தொடங்கியவர். நாவல் என்று கையில் எடுத்து, உண்மைச் சம்பவம் என்று கீழே வைக்கிற புத்தகம்.

முள் சம்பவத்துக்குப் பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. பிள்ளைகளுக்குக் கதைச்சுருக்கம் நிற்பதில்லை, பொருள் நிற்கிறது. ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டால் அது யார் கையில் இருந்தது, ஏன் இருந்தது, எங்கே போனது என்று முழுக் கதையும் பின்னாலேயே வந்துவிடுகிறது. அதனால் பழைய ஷூ பெட்டி ஒன்றை எடுத்தோம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பொருள். நியாவுக்காக எங்கள் வேலியோரத்து பிளாக்பெர்ரிப் புதரிலிருந்து ஒரு முள்ளை ஒடித்துப் பஞ்சில் சுற்றிப் போட்டான் அந்தப் பையன். பெட்டி பிறந்த கதை இது.

அடுத்து உள்ளே விழுந்தது ஒரு லிப்ஸ்டிக் குழாய். லூயிஸ் சாக்கரின் 'ஹோல்ஸ்'. 1998இல் வந்தது, மறு ஆண்டு சிறுவர் நூல்களுக்கான நியூபெரி விருது வாங்கியது. செய்யாத திருட்டுக்காக ஸ்டான்லி என்கிற பையனை வறண்ட ஏரியொன்றில் இருக்கும் முகாமுக்கு அனுப்புகிறார்கள். தினம் ஒரு குழி. ஐந்தடி அகலம், ஐந்தடி ஆழம், அளவுகோல் கையில் இருக்கும் மண்வெட்டியேதான். அந்தக் குழியொன்றில் 'கே பி' என்று எழுத்துப் பொறித்த சின்னக் குழாய் அகப்படுகிறது. அது யாருடையது என்று தெரிந்துகொள்ள நூறு வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும், அங்கிருந்து இன்னும் பின்னால் கடல் தாண்டி லாட்வியாவுக்கும் போக வேண்டும். மூன்று காலங்களும் கடைசியில் ஒரே முடிச்சில் வந்து நிற்கும். போட்டிக்கென்று ஒரே ஒரு நாவல்தான் படிக்க முடியும் என்றால் இதைத்தான் கொடுப்பேன். முன்னால் சொன்ன வெங்காயம், செருப்பு, பீச் பழம் எதையும் இந்தக் கதை சும்மா விடாது. எல்லாம் திரும்பி வரும். எதையும் தாண்டிப் படிக்கக் கூடாது என்று பிள்ளைக்கு இந்தப் புத்தகமே கற்றுக்கொடுத்துவிடும், நாம் சொல்ல வேண்டியதில்லை.

கேரி பால்சனின் 'ஹாட்செட்' பையன்களுக்கான புத்தகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் மகள் அதை மூன்று முறை படித்தாள். 13 வயது பிரையன், சின்ன விமானம், விமானிக்கு மாரடைப்பு, கனடாக் காடு. கையில் அம்மா கொடுத்த கைக்கோடாரி மட்டும். 54 நாள். எங்கள் பெட்டியில் இதற்காகக் கிடப்பது கோடாரி இல்லை, விளையாட்டு நோட்டு ஒன்றைக் கிழித்த துண்டுகள். கோடாரி பாறையில் பட்டுப் பொறி பறக்கிறது, ஆனால் நெருப்புப் பிடிக்க மாட்டேன் என்கிறது. பிரையன் தன்னிடமிருந்த 20 டாலர் நோட்டைக் கிழித்துப் பொறிக்குக் கீழே வைத்துப் பார்க்கிறான். பிடிக்கவில்லை. பிறகு பிர்ச் மரப்பட்டையை மயிரிழை மயிரிழையாக உரித்துச் சேர்த்துத்தான் தீயை வரவழைக்கிறான். காட்டில் பணத்தால் ஒரு பொறியைக்கூடப் பிடித்து வைக்க முடியாது என்று பால்சன் எங்கேயும் எழுதவில்லை. மேசையைச் சுற்றி இருந்த நான்கு பிள்ளைகளில் ஒருத்தி அந்த இடத்தில் "ஓ!" என்றாள், அது போதும்.

லோயிஸ் லோவ்ரியின் 'நம்பர் த ஸ்டார்ஸ்' ஆறாம் வகுப்புக்குக் கொஞ்சம் எளிது என்று சில ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மொழி எளிது, விஷயம் எளிதில்லை. 1943, கோப்பன்ஹேகன். 10 வயது ஆன்மரியின் வீட்டில் அவள் தோழி எலன், யூதச் சிறுமி, அக்கா என்று சொல்லி ஒளிந்திருக்கிறாள். யூதர்களைத் தேடி நடு ராத்திரியில் ஜெர்மன் சிப்பாய்கள் உள்ளே வருகிறார்கள். எலனின் கழுத்தில் யூதர்களின் அடையாளமான தாவீதின் நட்சத்திரம் தொங்குகிற சங்கிலி. கொக்கி கழற்ற நேரமில்லை. ஆன்மரி அதை வெடுக்கென்று அறுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்கிறாள். சிப்பாய்கள் போன பிறகு கையைத் திறந்தால் நட்சத்திரம் உள்ளங்கையில் பதிந்திருக்கிறது.

இந்த இடத்தை நான் சத்தமாக வாசித்தேன். வாசித்து முடித்தபோது பிள்ளைகள் நால்வரும் தங்கள் கையை மூடி வைத்திருந்தார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

புத்தகத்தின் கடைசியில் ஆசிரியரின் பின்னுரை இருக்கிறது. யூதர்களைப் படகில் ஒளித்துத் தப்பவைத்த மீனவர்கள் மோப்ப நாய்களை ஏமாற்ற வைத்திருந்த கைக்குட்டையில் காய்ந்த முயல் ரத்தமும் கொக்கெயினும் தடவியிருந்தது வரலாற்றில் உண்மை என்று அங்கேதான் சொல்கிறார். கதை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிற பிள்ளைக்கு அது தெரியாமலே போகும். கடைசி அட்டை வரை படிக்கச் சொல்லுங்கள்.

தங்ஹா லாய் எழுதிய 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகைன்' பற்றி எழுத எனக்கு இந்தப் பதிவு முழுவதும் வேண்டும். வசன கவிதையில் நாவல். 1975, வியட்நாமின் சைகோன். ஹா என்கிற 10 வயதுச் சிறுமி, கொல்லையில் தானே விதை போட்டு வளர்த்த பப்பாளி மரம். சைகோன் விழுகிறது. அம்மாவும் மூன்று அண்ணன்களும் அவளும் கப்பலேறி, முகாமெல்லாம் தாண்டி அமெரிக்காவின் அலபாமா வந்து சேர்கிறார்கள். பள்ளியில் அவள் பெயரைச் சொன்னதும் "ஹா ஹா ஹா" என்று சிரிக்கிறார்கள். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, வருகைப்பதிவு எடுக்கும்போது தன் பெயர் வருவதற்கு முன் ஆசிரியர் இழுக்கிற அந்த இரண்டு நொடி மௌனம் தெரியும். என் மகள் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள் யாரோ ஹாவுக்கு உலர்ந்த பப்பாளித் துண்டுகள் கொடுக்கிறார்கள். சர்க்கரை பூசியது, சவக் சவக்கென்று. ஆசையாக வாயில் வைத்தவள் அழுதுகொண்டே குப்பையில் எறிகிறாள். அம்மா அதை எடுத்துச் சுடுதண்ணீரில் ஊறப்போடுகிறாள். சர்க்கரை கரைந்துபோய், நனைந்த துண்டுகள் மிஞ்சுகின்றன. பழைய பப்பாளி இல்லைதான், ஆனாலும் மோசமில்லை.

எங்கள் அணியில் ஒரு பையனுடைய பாட்டி வியட்நாமிலிருந்து வந்தவர். அவனைக் கூட்டிப் போக வந்தவரிடம் அவன் அந்தப் பக்கத்தைக் காட்டித் தன் மொழியில் சொன்னான். அவர் ஒன்றும் பேசாமல் கேட்டார். அடுத்த சனிக்கிழமை ஒரு டப்பாவில் உலர்ந்த பப்பாளி வந்தது. பாதியை அப்படியே வைத்து, பாதியை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் இரண்டையும் தின்று பார்த்துவிட்டு எது தேவலை என்று அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். நூலாசிரியரும் அதே வயதில் வியட்நாமிலிருந்து அலபாமாவுக்கு வந்தவர் என்று அதற்குப் பிறகு சொன்னேன். அந்தப் பெயரை அவர்களில் எவரும் இனி மறக்கப்போவதில்லை. மூன்று புள்ளி.

கவிதை நாவல்களில் ஒரு சிக்கல் உண்டு. பக்கத்தில் பாதி வெள்ளையாக இருப்பதால் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு "படிச்சாச்சு" என்பார்கள். கண் படித்திருக்கும், காது படித்திருக்காது. ஒரு முறையாவது வாய்விட்டுப் படிக்க வையுங்கள். தினம் ராத்திரி பத்துப் பக்கம் போதும்.

வீரா ஹிரானந்தானியின் 'த நைட் டைரி' இங்கே வளர்கிற இந்தியப் பிள்ளைகள் எல்லோரும் படிக்க வேண்டியது. 1947 ஜூலையில் நிஷாவுக்கு 12 வயது. பிறந்த நாளுக்குச் சமையல்காரர் காஸி கொடுத்த நாட்குறிப்பில், இறந்துபோன அம்மாவுக்கு ராத்திரி ராத்திரி கடிதம் எழுதுகிறாள். அப்பா இந்து, அம்மா முஸ்லிம். இப்போது பாகிஸ்தானில் இருக்கிற மீர்ப்பூர் காஸ் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும், காஸியை விட்டுவிட்டு. பிரிவினை என்று ஒன்று நடந்ததே என் மகளுக்கு இந்தப் புத்தகத்தில்தான் தெரிந்தது. அதில் எனக்கு வருத்தம்தான், வீட்டில் நாங்களே சொல்லியிருக்க வேண்டும். நிஷாவுக்கு வெளியே பேச வராது, அடுப்படியில்தான் அவள் நிம்மதியாக இருப்பாள். அதனால் பெட்டியில் ஏலக்காய் தட்டுகிற குட்டி இடிகல் ஒன்றைப் போட்டோம். பெட்டி கனமானது அதனால்தான்.

அடுத்தது எனக்கு ரொம்ப நெருக்கமான புத்தகம். பத்மா வெங்கட்ராமனின் 'த பிரிட்ஜ் ஹோம்', 2019. சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வாழ்பவர், கடலியல் ஆய்வாளராக இருந்தவர். அப்பாவின் அடிக்குத் தப்பி விஜி, ருக்கு என்று இரண்டு அக்கா தங்கைகள் சென்னைக்கு ஓடி வருகிறார்கள். பாழடைந்த பாலமொன்றின் மேல் முத்து, அருள் என்கிற இரண்டு பையன்களோடு குடித்தனம். குப்பை பொறுக்கிப் பிழைப்பு. குட்டி என்று ஒரு நாய். ருக்குவின் கையில் எப்போதும் ஒரு மரப்பாச்சி.

நான் பெரம்பூரில் வளர்ந்தவள். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் பஸ்ஸில் போகும்போது புகை வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலை இறக்கிவிடுவோம். சாக்குப்பை தோளில் தொங்க என் வயதுப் பிள்ளைகள் அங்கே நடப்பதைப் பார்த்திருக்கிறேன், பார்த்தேன் என்பதையே மறந்தும்விட்டேன். மகள் புத்தகத்தைப் பாதியில் மூடிவிட்டுக் கேட்டாள்: "அம்மா, நீ அங்கதானே இருந்த? இவங்களோட பேசியிருக்கியா?" இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

போன வருடம் அம்மா ஆறு மாதம் இங்கே வந்திருந்தபோது, கொலுவில் வைக்கிற செம்மர மரப்பாச்சி ஜோடியில் ஒன்றைப் பேத்திக்காகக் கொண்டு வந்தார். அம்மாவின் அம்மா காலத்துப் பொம்மை. மூக்கு தேய்ந்து வழவழவென்று இருக்கும். சனிக்கிழமை அது மேசையில் கைமாறியது. தமிழே தெரியாத மூன்று பிள்ளைகள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். "இதுக்கு முகம் சரியா இல்லையே" என்றது ஒன்று. "குழந்தை வாயில வெச்சு வெச்சுத் தேஞ்சு போச்சுடா கண்ணா" என்றார் அம்மா தமிழிலேயே. மகள் மொழிபெயர்த்தாள். பெட்டியில் வைக்க அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும், பயிற்சி முடிந்ததும் ஏறிவிடும்.

இனி நாவல் அல்லாதவை. நம் பெற்றோர் பெரும்பாலும் இதை மருந்து மாதிரிக் கொடுக்கிறார்கள், "பொது அறிவு வளரும்" என்று. பிள்ளையும் மருந்து மாதிரியே விழுங்கும். ஸ்டீவ் ஷெய்ன்கின் எழுதிய 'பாம்' என்ற புத்தகத்தை அப்படி யாராலும் விழுங்க முடியாது. 1950, ஃபிலடெல்ஃபியா. ஹாரி கோல்ட் என்கிறவரின் வீட்டை எஃப்பிஐ ஆட்கள் சோதனை போடுகிறார்கள். மேற்கு மாநிலங்கள் பக்கமே போனதில்லை என்று சாதிக்கிறார் அவர். புத்தக அலமாரியிலிருந்து, அணுகுண்டு செய்த இடத்துக்குப் பக்கத்து ஊரான சாண்டா ஃபேயின் வரைபடம் வெளியே வருகிறது. மனிதர் உடைந்துபோகிறார். அங்கிருந்து பிடிக்கிற ஓட்டம்தான். அமெரிக்கர்கள் அணுகுண்டு செய்கிறார்கள், சோவியத் உளவாளிகள் அதைத் திருடுகிறார்கள், நார்வேக்காரர்கள் பனியில் சறுக்கிப் போய் ஜெர்மானியர்களுக்கு அணு ஆய்வுக்கு வேண்டிய கனநீர் கிடைக்காமல் செய்கிறார்கள். மூன்று கதையும் மாறி மாறி வரும். பெயர்கள் குழம்பும், அதனால் ஒரு பெரிய தாளில் மூன்று பத்தி போட்டு யார் எந்தப் பக்கம் என்று எழுதிக்கொண்டே படித்தோம். ஏழாம் வகுப்புக்கு மேல் கொடுங்கள். ஹிரோஷிமாப் பகுதியை உடன் உட்கார்ந்து படியுங்கள், தனியாக விடாதீர்கள். பெட்டியில் மடித்த வரைபடம் ஒன்று கிடக்கிறது.

கிறிஸ்டினா சூன்டோர்ன்வட்டின் 'ஆல் தர்ட்டீன்' 2018இல் தாய்லாந்துக் குகையில் சிக்கிய 12 சிறுவர்களையும் அவர்களின் கால்பந்துப் பயிற்சியாளரையும் பற்றியது. எப்படி முடியும் என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் பக்கத்தைக் கீழே வைக்க முடியாது. சுண்ணாம்புப் பாறைக்குள் தண்ணீர் எப்படி ஏறுகிறது, பிள்ளைகளை மயக்கத்தில் ஆழ்த்தித்தான் நீருக்கடியில் கொண்டுவர முடியும் என்று ஏன் முடிவெடுத்தார்கள் என்பதெல்லாம் படங்களோடு இருக்கிறது. படத்துக்குக் கீழே இருக்கிற வரிகளையும் பெட்டிச் செய்திகளையும் பிள்ளைகள் தாவிவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு: முதலில் படமும் அதன் கீழ் வரியும், அப்புறம்தான் அத்தியாயம். குகையிலிருந்து இறைத்த தண்ணீரால் வயல் மூழ்கிப்போன விவசாயிகள் பற்றி ஒரு பகுதி வரும். மகளுக்கு அந்தப் புத்தகத்திலேயே பிடித்தது அதுதான். அதற்கு ஒரு குட்டி டார்ச்.

வில்லியம் கம்க்வாம்பாவின் 'த பாய் ஹூ ஹார்னெஸ்ட் த விண்ட்' புத்தகத்தில் இளைய வாசகர் பதிப்பு என்று தனியாக இருக்கிறது, பார்த்து வாங்குங்கள். கூட எழுதியவர் பிரையன் மீலர். இரண்டு பெயரையும் நினைவில் வைக்கப் பழக்குங்கள். மலாவியில் பஞ்சம். கட்டணம் கட்ட முடியாமல் பள்ளியிலிருந்து நின்றுபோன 14 வயதுப் பையன், ஊர் நூலகத்தில் ஓர் அறிவியல் புத்தகத்தைக் கண்டெடுக்கிறான். ஆங்கிலம் அரைகுறை. படத்தைப் பார்த்துப் பார்த்து, சைக்கிள், டிராக்டர் விசிறி, சூடாக்கித் தட்டையாக்கிய பிவிசி குழாய் இவற்றை வைத்துக் காற்றாலை கட்டுகிறான். விளக்கு எரிகிறது. பழைய ரப்பர் செருப்பை அறுத்து ஸ்விட்ச் செய்கிறான். அந்த ஸ்விட்ச்தான் எங்கள் பெட்டியில் இருக்கிறது. என் கணவரின் அறுந்த ஹவாய் செருப்பிலிருந்து வெட்டிய துண்டு. இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு மெதுவாகப் படிக்கிற அந்தப் பையன் கேட்டான்: "அப்போ அவனும் மெதுவாத்தான் படிச்சானா?" ஆமாம் என்றேன். மெதுவாக, திரும்பத் திரும்ப.

பயிற்சி எப்படி என்று கேட்கிறவர்களுக்கு: பெட்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டு கைவிட வேண்டும். எது அகப்படுகிறதோ அதற்குத் தலைப்பு, எழுதியவர், யார் கையில் இருந்தது, ஏன். பிறகு அதே புத்தகத்திலிருந்து ஒரு கேள்வியை அந்தப் பிள்ளையே எழுத வேண்டும். கேள்விக்கு ஒரே ஒரு புத்தகம்தான் பதிலாக வர வேண்டும் என்பது நிபந்தனை. "எந்தப் புத்தகத்தில் ஒருவர் வீட்டை விட்டுப் போகிறார்?" என்று ஒருத்தி எழுதினாள். பத்தில் எட்டு வந்துவிட்டது. அதைச் செதுக்கிச் செதுக்கி, "கிளம்புகிற நாளில் மரத்திலிருந்து பழுக்காத காயை அறுத்துவிட்டுப் போகிறார்கள்" என்று கொண்டுவருவதற்குள் அவள் அந்த அத்தியாயத்தை மூன்று முறை புரட்டியிருந்தாள். நான் கொடுத்த 240 அட்டையில் ஒன்றுகூட அவ்வளவு வேலை செய்யவில்லை.

தொடர் நாவல்களைப் போட்டிப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். ஏழு பாகம் படித்த பிள்ளைக்கு எது எந்தப் பாகம் என்று குழம்பிவிடும். ஆசைக்குப் படிக்கட்டும், தடுக்க வேண்டாம். விலை பற்றிக் கவலைப்பட வேண்டாம், மேலே சொன்ன எல்லாவற்றையும் நாங்கள் பொது நூலகத்தில்தான் எடுத்தோம். பட்டியல் வந்த வாரமே முன்பதிவு போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அக்டோபர் வரை வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஒலிப்புத்தகம் ஏமாற்று வேலை என்று நினைக்கிறவர்கள் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். பெயர் உச்சரிப்பு அதில்தான் சரியாக வரும், முதல் முறை கண்ணால் படித்திருந்தால் இரண்டாம் முறை காதால் கேட்கட்டும்.

இந்த வருடம் மகள் எட்டாவது. பக்கத்துத் தெருவில் இரண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் புதிதாகச் சேர்கிறார்கள். வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் முதல் நாள். 'ஹோல்ஸ்' என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது, யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள். முள் மட்டும் போன குளிர்காலத்தில் உடைந்துபோய்விட்டது. வரும்போது வேலியோரம் பார்த்து நல்லதாக ஒன்று ஒடித்துக்கொண்டு வாருங்கள்.